விளம்பரம் துரத்துதா? பிரவுசர் ப்ளக்-இன் செட்டிங்ஸை ஒரு தடவை திறந்து பாருங்க!

வாலாஜாபாத் பக்கத்துல தென்னேரியில உங்க வீடுன்னு வெச்சுக்கோங்க. வீட்டுல பட்டுத் தறி ஓடுது. அப்பா நெய்ற மாம்பழக் கலர் புடவை ஆன்லைன்ல என்ன விலைக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மொபைல்ல நாலு கடையோட வெப்சைட்டைத் திறந்து பார்க்கிறீங்க. மறுநாள் காலையில கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனா, அங்கேயும் அதே மாம்பழக் கலர் புடவை. சாம்பார் பொடி அளவு தேடினா, பக்கத்துலேயே அரக்கு பார்டரோட இன்னொண்ணு!

இதுவரைக்கும் சிரிச்சுட்டுக் கடந்து போயிடலாம். ஆனா, நாம தேடுறது எல்லாமே புடவையா இருக்காதே? மாதவிடாய் தள்ளிப்போறதைப் பத்தித் தேடியிருப்பீங்க. நகையை அடகு வெச்சா எவ்வளவு கிடைக்கும்னு பார்த்திருப்பீங்க. இப்போ இருக்கிற கம்பெனியை விட்டுட்டு வேற வேலைக்கு அலைஞ்சிருப்பீங்க. அதே மொபைலைத்தான் அம்மா சீரியல் பார்க்க வாங்குவாங்க, தம்பி பாடம் படிக்கிறேன்னு வாங்குவான். நீங்க யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை, ஒரு விளம்பரம் வீட்டுக்கே சொல்லிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் மருந்து விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், தன் பயனாளர்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. அபராதம், 15 லட்சம் டாலர்.

`சரி, அதுக்குத்தான் ஆட் பிளாக்கர் போட்டிருக்கேனே' என்கிறீர்களா? நல்லது. ஆனா, அந்த ப்ளக்-இன்னோட செட்டிங்ஸை என்னைக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா? இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான்.

பின்னாடியே வர்றது யாரு?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல ஜவுளி எடுக்கப் போறீங்க. முதல் கடையில நுழையும்போது ஒருத்தர் உங்க முதுகுல ஒரு நம்பர் சீட்டை ஒட்டிடுறார். அடுத்த கடைக்குப் போனா, அங்கேயும் அவரோட ஆள் நிக்கிறார். உங்க நம்பரைப் பார்த்து, என்ன கலர் எடுத்தீங்க, எவ்வளவு விலை கேட்டீங்கன்னு நோட்டுல எழுதிக்கிறார். பத்து கடை ஏறி இறங்கினதும் உங்க கல்யாண பட்ஜெட்டே அந்த நோட்டுல இருக்கும்.

இணையத்துல அந்த நம்பர் சீட்டுக்குப் பேர் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் பிரவுசருக்காக லூ மொண்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். ஒரு வெப்சைட் உங்களை ஞாபகம் வெச்சுக்கிறதுக்கும், நீங்க கார்ட்ல போட்ட பொருள் காணாமப் போகாம இருக்கிறதுக்கும்தான் அப்போ அது தேவைப்பட்டது. நீங்க போன வெப்சைட்டே வைக்கும் குக்கீயால பெரிய தொல்லை இல்லை. அந்தப் பக்கத்துக்குள்ள உட்கார்ந்திருக்கிற விளம்பர நிறுவனம் தன் பங்குக்கு வைக்குதே, அந்த `தேர்டு பார்ட்டி குக்கீ'தான் ஊரெல்லாம் உங்க பின்னாடி வருது.

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சில் இதை முழுசா தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பரிலிருந்தே, தெரிந்த டிராக்கர்களின் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. கூகுளும் 2020 ஜனவரியில், குரோமில் இன்னும் 2 வருஷத்தில் நிறுத்திவிடுவோம் என்றது. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதனால, குரோம் வெச்சிருக்கிறவங்க தங்கள் பாதுகாப்பைத் தாங்களேதான் பார்த்துக்கணும். அங்கதான் ப்ளக்-இன் வருது.

பிரவுசரோட சேர்ந்து வேலை செய்யும் குட்டி சாஃப்ட்வேர்தான் ப்ளக்-இன். குரோமில் எக்ஸ்டென்ஷன் என்பார்கள், ஃபயர்பாக்ஸில் ஆட்-ஆன் என்பார்கள். மூணும் நமக்கு ஒண்ணுதான்.

வேலியே பயிரை மேய்ஞ்சா?

டிராக்கரைத் தடுக்கணும்னா ப்ளக்-இன் நீங்க திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கணும். அதனாலதான் இன்ஸ்டால் பண்ணும்போது, `எல்லா வெப்சைட்டிலும் உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி' கேட்குது. அதாவது, ஒரு விளம்பர நிறுவனத்துக்குக்கூடக் கிடைக்காத அளவு முழுப் பார்வையை நீங்களே அதுக்குக் கொடுக்கிறீங்க. வேலி நல்ல வேலியா இருந்தா பிரச்னை இல்லை. எப்பவும் அப்படி இருந்ததில்லையே!

நம்பகமான வெப்சைட் எது என்று சொல்வதற்காகவே வந்தது `வெப் ஆஃப் டிரஸ்ட்' ப்ளக்-இன். 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர்கள், ஒரு போலி கம்பெனி பேரில் டேட்டா வியாபாரிகளை அணுகினார்கள். சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்களின் பிரவுசிங் விவரங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அந்த விவரங்கள் கசிந்த வழிகளில் ஒன்று, இதே வெப் ஆஃப் டிரஸ்ட்!

வெப்சைட்களின் கலரையும் டிசைனையும் மாத்திப் பார்க்கிறதுக்காகப் பல லட்சம் பேர் வெச்சிருந்த `ஸ்டைலிஷ்' ப்ளக்-இன்னும் அப்படித்தான். அது கை மாறி சிமிலர்வெப் நிறுவனத்திடம் போன பிறகு, பயனாளர்கள் போகும் ஒவ்வொரு வெப்சைட் முகவரியும் சேகரிக்கப்பட்டது. 2018 ஜூலையில் ஒரு மென்பொருள் பொறியாளர் அதை அம்பலப்படுத்த, குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டு ஸ்டோர்களிலிருந்தும் தூக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரியது அவாஸ்ட் விவகாரம். ஆன்டிவைரஸில் பெயர்பெற்ற நிறுவனம். `எங்கள் ப்ளக்-இன் உங்களை டிராக் செய்வதைத் தடுக்கும்' என்று சொல்லித்தான் மக்களிடம் கொடுத்தார்கள். சேர்ந்த பிரவுசிங் விவரங்கள், ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன என்றது எஃப்.டி.சி. 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று முடிவானது.

இதையெல்லாம் படிச்சுட்டு `ப்ளக்-இன்னே வேண்டாம்'னு முடிவு பண்ணிடாதீங்க. பட்டுப் புடவை எடுக்கும்போது என்ன பண்றோம்? சில்க் மார்க் லேபிளைப் பார்க்கிறோம், ஜரிகையை விசாரிக்கிறோம், அப்புறம்தானே காசு கொடுக்கிறோம்! இங்கேயும் அதே நிதானம்தான்.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி 3 கேள்விகள்

1. இதை நடத்துறது யாரு? அவங்களுக்குப் பணம் எங்கிருந்து வருது? இலவசமா கொடுத்துட்டு, வருமானம் எப்படின்னே சொல்லலைன்னா கொஞ்சம் யோசிங்க.

2. கோடு வெளியில இருக்கா? ஓப்பன் சோர்ஸா இருந்தா, விவரம் தெரிஞ்சவங்க உள்ளே எட்டிப் பார்க்க முடியும். கோஸ்டரி ப்ளக்-இன்னை உதாரணமா எடுத்துக்கலாம். பயனாளர்கள் எங்கெங்கே எந்த டிராக்கரைச் சந்திக்கிறார்கள் என்ற விவரத்தை, விருப்பப்பட்டவர்களிடமிருந்து `கோஸ்ட்ரேங்க்' என்ற வசதி வழியாகச் சேகரித்து முன்பு நிறுவனங்களுக்கு விற்றார்கள். விமர்சனம் எழுந்தது. 2017-ல் உரிமையாளர் மாறி, 2018 மார்ச்சில் கோடு ஓப்பன் சோர்ஸ் ஆக்கப்பட்டது.

3. சமீபத்துல கை மாறிச்சா? திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்க வைக்கும் `தி கிரேட் சஸ்பெண்டர்' பல வருஷம் நல்ல பிள்ளையா இருந்தது. 2020-ல் வேறு ஒருவர் கைக்குப் போச்சு. 2021 பிப்ரவரியில், அதில் மால்வேர் இருக்குன்னு கூகுள் நீக்கிடுச்சு. நல்ல ப்ளக்-இன் நாளைக்கும் நல்லதாவே இருக்கும்னு உத்தரவாதம் இல்லை.

செட்டிங்ஸ்ல எதைத் தொடணும்?

எந்த ப்ளக்-இன்னா இருந்தாலும் முதல்ல பார்க்க வேண்டியது, `தகவலைப் பகிர்' என்கிற மாதிரியான பட்டன். அனலிட்டிக்ஸ், யூசேஜ் டேட்டா, இம்ப்ரூவ் அவர் புராடக்ட்னு அழகழகா பேர் வெச்சிருப்பாங்க. ஆஃப் பண்ணிடுங்க. ப்ளக்-இன் வேலை செய்றதுக்கு அது தேவையில்லை.

*ஆட்பிளாக் பிளஸ்:* இதுல `அக்செப்டபிள் ஆட்ஸ்' என்ற டிக் முதல்லேயே போட்டிருக்கும். 2011-ல் வந்த ஏற்பாடு இது. `தொந்தரவு தராத' விளம்பரங்களை மட்டும் உள்ளே விடுவாங்க, பெரிய நிறுவனங்கள் அதுக்குப் பணமும் கட்டுறாங்க. வேண்டாம்னா டிக்கை எடுத்துடுங்க. அதே பக்கத்துல டிராக்கிங்கைத் தடுக்கும் ஆப்ஷன் தனியா இருக்கும். அதுக்கு நீங்கதான் டிக் போடணும். விளம்பரம் தெரியலைங்கிறதுக்காக யாரும் பின்தொடரலைன்னு அர்த்தம் இல்லை!

*பிரைவசி பேட்ஜர்:* எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க உரிமை அமைப்பு 2014-ல் வெளியிட்டது. லாப நோக்கமில்லாதது. ஐகானைத் தட்டினால் ஒவ்வொரு டிராக்கருக்கும் ஒரு ஸ்லைடர் தெரியும். சிவப்பு என்றால் முழுத் தடை, மஞ்சள் என்றால் குக்கீக்கு மட்டும் தடை, பச்சை என்றால் அனுமதி. ஆரம்பத்துல எதையும் தொடாம விட்டாலே போதும். ஏதாவது பக்கம் சரியா திறக்கலைன்னா மட்டும் ஸ்லைடருக்குப் போங்க.

*யூபிளாக் ஆரிஜின்:* ரேமண்ட் ஹில் என்பவர் 2014-ல் தொடங்கினார். ஓப்பன் சோர்ஸ். குரோம் தன் ப்ளக்-இன் விதிகளை மாத்தினதால, இதோட முழு வடிவம் 2025-ல் குரோமில் ஓடாமப் போச்சு. `யூபிளாக் ஆரிஜின் லைட்' மட்டும்தான் இப்போ அங்கே. அதுல பேசிக், ஆப்டிமல், கம்ப்ளீட்னு படிகள் இருக்கும். ஆப்டிமல் பெரும்பாலானவர்களுக்குப் போதும். முழு வடிவம் வேணும்னா ஃபயர்பாக்ஸ்தான்.

அடுத்தது, பிரவுசர் பக்கத்து செட்டிங்ஸ். கம்ப்யூட்டர்ல குரோம் திறந்து, மூணு புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போங்க. ஒவ்வொரு ப்ளக்-இன்லயும் டீடெய்ல்ஸைத் தட்டினா `சைட் ஆக்சஸ்' இருக்கும். மூணு சாய்ஸ்: தட்டும்போது மட்டும், குறிப்பிட்ட சைட்டில் மட்டும், எல்லா சைட்டிலும். டிராக்கர் தடுக்கிற ப்ளக்-இன்னுக்கு எல்லா சைட்டும் தேவை. ஆனா கூப்பன் தேடுறது, ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறது, இலக்கணம் திருத்துறதுக்கெல்லாம் எதுக்கு? `தட்டும்போது மட்டும்'னு மாத்துங்க. இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு ஒரே ஒரு வேலைதான் செய்வேன்னா, இதைச் செய்ங்க.

இன்னொண்ணு, இன்காக்னிட்டோ. அங்கே ப்ளக்-இன் தானா வேலை செய்யாது. அதே டீடெய்ல்ஸ் பக்கத்துல `அலோவ் இன் இன்காக்னிட்டோ' ஆன் பண்ணணும். `இன்காக்னிட்டோவே ரகசியம்தானே'ன்னு நினைக்காதீங்க. அது உங்க மொபைல்ல ஹிஸ்டரி வெக்காது, அவ்வளவுதான். வெப்சைட்டுக்கு நீங்க தெரிவீங்க. இது தொடர்பா 2020-ல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை முடிக்க, சேகரித்த பல நூறு கோடி பதிவுகளை அழிப்பதாக கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

மொபைல்ல எப்படி?

நம்மில் பலருக்கு மொபைல்தான் கம்ப்யூட்டர். ஆண்ட்ராய்டு குரோமில் ப்ளக்-இன் போட முடியாது. அங்கே செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்டு பார்ட்டி குக்கீஸ் போய் `பிளாக்' கொடுங்க. காசும் இல்லை, இன்ஸ்டாலும் இல்லை.

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பர்ல ப்ளக்-இன்களுக்குக் கதவை முழுசா திறந்துவிட்டது. யூபிளாக் ஆரிஜின், பிரைவசி பேட்ஜர் இரண்டுமே மொபைலில் கிடைக்கும். செட்டிங்ஸில் `என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்‌ஷன்' போய் `ஸ்ட்ரிக்ட்' தேர்ந்தெடுத்தால், ப்ளக்-இன் இல்லாமலே பாதி வேலை முடியும். ஐபோனில் 2021-லிருந்து, அதாவது ஐ.ஓ.எஸ். 15 முதல், சஃபாரிக்கு எக்ஸ்டென்ஷன் போடலாம்.

ஆனா பிரவுசர் ப்ளக்-இன்னோட அதிகாரம் பிரவுசர் வாசலோட முடிஞ்சுடும். ஷாப்பிங் ஆப், கேம், இன்ஸ்டா எதையும் அது தொடாது. அதுக்குத் தனியா ஒரு செட்டிங். ஆண்ட்ராய்டு 12-லிருந்து, போன் செட்டிங்ஸில் கூகுள், ஆட்ஸ் போனால் `டெலீட் அட்வர்டைசிங் ஐடி' இருக்கும். தட்டிடுங்க. ஐபோன்னா, செட்டிங்ஸில் பிரைவசி, டிராக்கிங் போய் `அலோவ் ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்' ஆஃப் பண்ணிடுங்க.

பேமென்ட் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கா?

தடுப்பு அதிகமானா சில பக்கங்கள் சண்டித்தனம் பண்ணும். டிக்கெட் புக் பண்ணும்போது ஓ.டி.பி. பக்கம் வராது, பேமென்ட் வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். அவசரத்துல பலர் பண்ற தப்பு, ப்ளக்-இன்னையே தூக்கிடுறது. அப்புறம் திரும்பப் போட மறந்துடுவாங்க. அதுக்குப் பதிலா, அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் நிறுத்துங்க. யூபிளாக்ல பெரிய பவர் பட்டன், பேட்ஜர்ல `டிஸேபிள் ஃபார் திஸ் சைட்'. தென்னேரி ஏரியில ஒரு வயலுக்குத் தண்ணி வேணும்னா அந்த மடையைத் திறப்பாங்களே தவிர, கரையையா உடைப்பாங்க?

உங்களுக்குப் பிடிச்ச செய்தித் தளம் விளம்பரத்தை நம்பித்தான் ஓடுதுன்னா, அதுக்கும் இதே மாதிரி அனுமதி கொடுக்கலாம். முடிவு உங்களோடது.

பத்து ப்ளக்-இன் போட்டா பத்து மடங்கு பாதுகாப்பா?

இல்லை. தலைகீழா ஆகவும் வாய்ப்பு உண்டு. குக்கீயே இல்லாம, உங்க ஸ்க்ரீன் அளவு, ஃபான்ட், மொழி, பிரவுசர் வெர்ஷன் எல்லாத்தையும் சேர்த்து வெச்சு உங்களை அடையாளம் காணலாம். இதுக்குப் பேர் ஃபிங்கர்பிரின்ட்டிங். 2010-ல் அதே எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் அமைப்பு சுமார் 4,70,000 பிரவுசர்களை ஆராய்ந்ததில், 83.6 சதவிகிதம் தனித்தன்மையோடு, வேறு எதனோடும் ஒத்துப்போகாமல் இருந்தன. நீங்க சேர்க்கிற சில ப்ளக்-இன்களும் அந்தத் தனி அடையாளத்தில் சேரலாம். தவிர, ஒவ்வொண்ணும் இன்னொரு வாசல். ஒரு நல்ல தடுப்பான், அதிகபட்சம் ரெண்டு. போதும்.

நம்ம ஊர்ல இருந்து ஒரு வழி

வெளி ப்ளக்-இன்னையே நம்ப வேண்டாம்னு நினைச்சா, தடுப்பு உள்ளேயே இருக்கிற பிரவுசரைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் சோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட பிரவுசரின் பெயரே தமிழ்தான்: `உலா'. விளம்பர, டிராக்கர் தடுப்பு உள்ளேயே வருகிறது. வொர்க், பர்சனல், கிட்ஸ் எனத் தனித்தனி மோடுகள் உண்டு. ஒரே கருவியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்கும். 2025 மார்ச்சில், மத்திய அரசின் இந்திய பிரவுசர் உருவாக்கப் போட்டியில் 1 கோடி ரூபாய் முதல் பரிசும் சோஹோவுக்குத்தான் கிடைத்தது. ஆனா, நம்ம ஊர் தயாரிப்புங்கிறதுக்காக செட்டிங்ஸைப் பார்க்காம விட்டுடாதீங்க. மேலே சொன்ன கேள்விகள் எல்லோருக்கும் பொதுதான்.

சட்டம் என்ன சொல்லுது? 2017 ஆகஸ்ட் 24-ல், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள். அதுவரைக்கும் நம்ம செட்டிங்ஸ்தான் நமக்குக் காவல்.

இன்னைக்கே 10 நிமிஷம்!

* பயன்படுத்தாத ப்ளக்-இன்களை இப்பவே நீக்குங்க.
* மிச்சம் இருக்கிறதுல டேட்டா பகிர்வை ஆஃப் பண்ணுங்க.
* சைட் ஆக்சஸைத் `தட்டும்போது மட்டும்'னு மாத்துங்க. டிராக்கர் தடுப்பானுக்கு மட்டும் விலக்கு.
* பிரவுசர்ல தேர்டு பார்ட்டி குக்கீயைத் தடுங்க.
* போன்ல விளம்பர ஐடியை டெலீட் பண்ணுங்க.
* மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மாசத்தோட முதல் ஞாயிறுன்னு வெச்சுக்கிட்டு, இதே பட்டியலைத் திரும்பப் பாருங்க. ஏதாவது ப்ளக்-இன் புதுசா அனுமதி கேட்டா, காரணம் புரியாம `ஓகே' தட்டாதீங்க.

இத்தனை பண்ணினாலும் சில விளம்பரம் வரத்தான் செய்யும். வரட்டும். ஆனா, உங்க வீட்டுல எந்த விஷயத்தை, யார்கிட்ட, எப்போ சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அந்த வேலையை ஒரு விளம்பரத்துக்கு விட்டுக்கொடுக்காதீங்க. படிச்சு முடிச்சதும், அம்மாவோட மொபைலையும் வாங்கி ஒரு தடவை பார்த்துடுங்களேன்!